கோல்ப் திடலும் கொடைநாளும்

விளையாட்டும் கொடையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஒன்று ஓய்வின் பயன். மற்றையது உள்ளத்தின் கடன். எனினும், இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே புல்வெளியிற் சந்திக்கும் வழக்கம் ஒன்று உலகெங்கும் வேரூன்றியுள்ளது. கோல்ப் ஆட்டத்தின் பெயரால் நடத்தப்பெறும் அறநிதி நாளே அதுவாகும். கொழும்பிலும் நுவரெலியாவிலும் உள்ள பழைமை வாய்ந்த கோல்ப் திடல்களில் இத்தகைய நாட்கள் நடைபெறுகின்றன. நாளிதழின் ஒரு மூலையில் ஒரு புகைப்படமும் ஒரு காசோலையின் தொகையும் வெளிவருவதோடு அந்த நாளின் கதை முடிந்துவிடுகின்றது. ஆயினும், அந்தப் புல்வெளி எவ்வாறு உண்டாயிற்று, அங்கே திரளும் பொருள் எவரைச் சென்றடைகின்றது என்னும் இரு வினாக்களை எழுப்பினால், இலங்கையின் தோட்டப்புற வரலாற்றின் ஒரு பக்கம் நம் கண்முன் விரியும்.

கோல்ப் ஸ்கொத்லாந்து நாட்டின் விளையாட்டு. கடற்கரையை அடுத்த மணற்பாங்கான மேடுகளிலே அது வளர்ந்தது. மக்கள் வில்வித்தையை மறந்து இவ்வாட்டத்தில் மூழ்குகின்றனர் எனக் கருதிய அந்நாட்டு மன்றம், 1457ஆம் ஆண்டிலேயே இதனைத் தடைசெய்து சட்டம் இயற்றியது என்றால், இதன் பழைமை ஒருவாறு விளங்கும். பின்னர், கடலிலிருந்து விலகி உள்நாட்டுக்கு வந்தபோது, நிழல்மரங்களும் வெட்டிச் சீராக்கிய புற்றரையும் கொண்ட சோலைத் திடல்கள் தோன்றின. பிரித்தானியர் எங்கெங்கு சென்றனரோ அங்கெல்லாம் இந்த ஆட்டமும் உடன் சென்றது. 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு கழகம் அமைந்தது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றும் நிலைத்திருக்கும் கோல்ப் கழகங்களுள் மூத்தது அதுவே என்பர்.

இலங்கையில் இவ்விளையாட்டு காலூன்றிய இடம் கொழும்புக் காலிமுகத்திடல். 1879ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்பு கோல்ப் கழகம் அங்கேதான் தன் முதல் ஆட்டங்களை ஆடியது. அத்திடலின் ஓரமாக 1859ஆம் ஆண்டில் ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் ஒரு நடைபாதையை அமைத்து முடித்து, கொழும்பு மாதரினதும் சிறுவரினதும் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லிலும் பொறித்து வைத்தார். காற்று வாங்க மக்கள் கூடும் அத்தகைய இடத்தில், விரைந்து பறக்கும் பந்தை நெடுநாள் அடித்துக்கொண்டிருத்தல் இயலாதன்றோ? 1896ஆம் ஆண்டில் கழகம் பொரளைப் பகுதிக்குப் பெயர்ந்தது. அக்காலத்து ஆளுநர் சேர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயர் புதிய திடலுக்குச் சூட்டப்பெற்றது. அரசாங்கத்தின் மாதிரிப் பண்ணை இருந்த வட்டாரம் அது. அவ்வழியே செல்லும் வீதி இன்றும் மாதிரிப் பண்ணை வீதி என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. 1928ஆம் ஆண்டில் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ், ‘ரோயல்’ என்னும் சிறப்புப் பெயரைக் கழகத்துக்கு வழங்கினார். இதற்கிடையில், மலைநாட்டின் குளிர்நகரான நுவரெலியாவிலும் 1889ஆம் ஆண்டில் ஒரு கோல்ப் கழகம் தோன்றியிருந்தது. தோட்டத்துரைமாருள் ஸ்கொத்லாந்தினர் பலர் இருந்தமையால், மலைநாட்டில் இவ்வாட்டம் செழித்ததில் வியப்பில்லை.

இனி, கொழும்பின் இந்தச் சோலைத் திடலுக்கும் இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு ஒன்று இருக்கின்றது. அது இரும்பினாலான தொடர்பு. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அத்திடலின் ஊடாகவே செல்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து அவிசாவளையை நோக்கி இரண்டரை அடி அகலமுள்ள ஒடுங்கிய தண்டவாளம் இடப்பட்டது. 1912ஆம் ஆண்டில் அது இரத்தினபுரியை அடைந்தது. 1919ஆம் ஆண்டில் ஒபநாயக்க வரையில் நீண்டது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை ஓங்கிய காலம் கடந்து, இறப்பரின் விலை உலகச் சந்தையில் உயர்ந்த காலம் அது. 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், சபரகமுவவின் ஈரமிக்க குன்றுகளை நிறைத்துக்கொண்டிருந்தன.

நிவித்திகல புகையிரதப் பாதையின் மேல் அமைந்த ஊரன்று. ஆயினும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் தேயிலையும் இறப்பரும் கொழும்புத் துறைமுகத்தை நோக்கியே சென்றன. தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் பிறவும் அங்கிருந்தே வந்தன. அந்தச் சிறிய வண்டி கொழும்பை அணுகும்போது, கோல்ப் ஆடுவோர் கோலைத் தாழ்த்தி அது கடந்துபோகும்வரை காத்து நிற்பர். வண்டிக்குள்ளே தோட்டத்தின் விளைவு. வெளியே அவ்விளைவின் பயனாய் வந்த ஓய்வு. இரண்டுக்கும் இடையே சில அடிகளே இடைவெளி. அவிசாவளைக்கு அப்பாலான பாதை 1970களில் மூடப்பட்டது. எஞ்சிய பகுதி 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. வண்டி மட்டும் இன்னமும் அப்புல்வெளியை ஊடறுத்துச் செல்கின்றது.

பந்து ஆடியவர்கள் கொடையே அறியாதவர்கள் என்று கொள்ளுதல் நீதியாகாது. 1854ஆம் ஆண்டிலே, தோட்டத்துரைமார் சிலரின் ஆதரவோடு தமிழ்க் கூலி மிஷன் என்னும் அமைப்பு தோன்றியது. துரைமார் அளித்த சந்தாப் பணத்தைக் கொண்டு, தமிழ் உபதேசிமார் தோட்டந்தோறும் சென்று சமயம் போதித்ததோடு எழுத்தும் கற்பித்தனர். மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் முதன்முதல் அரிச்சுவடியைக் கண்டது இத்தகைய முயற்சிகளால் எனலாம். ஆனால் கொடையின் இயல்பு யாது? கொடுப்பவர் மனமும் கையும் திறந்திருக்கும்வரை அது பாயும். விலை வீழ்ந்தால் வற்றும். துரை மாறினால் திசை மாறும். பக்கத்துத் தோட்டத்தில் பாடசாலை இருக்கும். இந்தத் தோட்டத்தில் இராது. கேட்பதற்குத் தொழிலாளிக்கு உரிமையும் இராது.

எனவேதான் சட்டம் தேவையாயிற்று. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பையும் அதன் செலவையும் தோட்டங்களோடு பிணைத்தது. கல்வியைப் பொறுத்தவரையில், 1907ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. ஏட்டில் எழுதப்பட்டது முழுவதும் நாட்டில் நிறைவேறவில்லை என்பது உண்மையே. ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற நிலையே பல தோட்டங்களில் நீடித்தது. 1945ஆம் ஆண்டில் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் ஒளி லயன் வரிசைகளை உடனே எட்டவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. இதனால் விளங்குவது யாதெனின், கொடை ஒரு வாயிலைத் திறக்கலாம். அவ்வாயில் மீண்டும் அடைபடாமல் காப்பது உரிமையே.

கொடைப் பொருள் எவரைச் சேர்கின்றது என்னும் வினாவை இந்நாட்டவர் வெளிப்படையாக எழுப்பிய காலமும் ஒன்று உண்டு. முதல் உலகப் போரின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11ஆம் நாளன்று செந்நிறப் பொப்பிப் பூக்கள் விற்கப்பட்டன. திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் போர்வீரரின் நலனுக்காகக் கடல் கடந்து செல்கின்றது. இந்நாட்டு வீரருக்குக் கிடைப்பது சொற்பம் என்ற மனக்குறை எழுந்தது. அதன் விளைவாக 1931ஆம் ஆண்டில் சூரிய மல் இயக்கம் பிறந்தது. சூரிய மல் என்பது நம் ஊர்களில் வேலியோரங்களிற் பூக்கும் பூவரசம்பூவே. வெளிநாட்டுப் பூவுக்குப் பதிலாக வேலியோரத்துப் பூவை அணிந்து, திரளும் பணத்தை இந்நாட்டு ஏழைகளுக்கே செலவிட வேண்டும் என்றனர் இளைஞர். டொரீன் யங் என்னும் ஆங்கிலேய ஆசிரியை 1933ஆம் ஆண்டில் இவ்வியக்கத்துக்குத் தலைமை தாங்கினார் என்பது கருதத்தக்கது. பூசல் இனத்தைப் பற்றியதன்று. பொருள் செல்லும் வழியைப் பற்றியது.

அவ்வியக்கத்தின் உண்மையான சோதனை சபரகமுவவிலேயே நிகழ்ந்தது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவி, 1935ஆம் ஆண்டு முடியுமுன் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை மாவட்டம் மிகக் கொடிய துன்பத்துக்கு ஆளானது. சூரிய மல் தொண்டர்கள் மருந்தும் உணவும் சுமந்து அம்மாவட்டத்துக் கிராமங்களுக்குள் நடந்து சென்றனர். அங்கே அவர்கள் கண்ட காட்சி அவர்களை மாற்றியது. மாத்திரை கொடுத்துக் காய்ச்சலைத் தணிக்கலாம். பட்டினியால் நலிந்த உடலுக்கு அம்மாத்திரை எத்தனை நாள் உதவும்? தொண்டருள் இருந்த என். எம். பெரேராவை 1936ஆம் ஆண்டில் ருவன்வெல்லைத் தொகுதியும், பிலிப் குணவர்தனாவை அவிசாவளைத் தொகுதியும் அரசாங்க சபைக்கு அனுப்பின. நிவாரணம் வழங்கச் சென்றவர்கள் நீதி கேட்பவர்களாகத் திரும்பினர்.

கோல்ப் ஆட்டமும் இதே காலப்பகுதியில் அறநிதி திரட்டும் கருவியாக உலகில் வளர்ந்துகொண்டிருந்தது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா போரிற் குதித்தபோது, அந்நாட்டின் திறந்த போட்டி நிறுத்தப்பட்டு, பிலடெல்பியா நகருக்கு அருகிலுள்ள வைட்மார்ஷ் பள்ளத்தாக்குத் திடலில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டும் போட்டி நடத்தப்பட்டது. மறு ஆண்டில், 16 வயது நிரம்பிய பொபி ஜோன்ஸ் என்னும் சிறுவன், வேறு சில இளம் வீரர் வீராங்கனைகளோடு நகர் நகராகச் சென்று அதே சங்கத்துக்காக ஆடினான். பின்னாளில் உலகம் போற்றிய பெருவீரன் அவனே. 1942ஆம் ஆண்டில் மீண்டும் போர்; மீண்டும் திறந்த போட்டிக்கு இடைநிறுத்தம்; சிக்காகோவில் கடற்படைக் குடும்பங்களின் நிவாரணத்துக்காகப் பெரும் போட்டி. இவ்வாறு போர்க்காலத் தேவையாகப் பிறந்த வழக்கம், அமைதிக் காலத்தில் மருத்துவமனை, அநாதை இல்லம், கல்வி ஆகியவற்றுக்கு நிதி சேர்க்கும் நிலையான ஏற்பாடாயிற்று.

இவ்வரலாற்றில் நம் தோட்டப்புறத்தார் சிந்திக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கோல்ப் வீரரின் கோற்பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைத் தேடிக் காட்டி, காற்றின் போக்கையும் தரையின் சரிவையும் சொல்லிக் கொடுக்கும் உதவியாளர் ஒருவர் கூடவே நடப்பார். பெரும்பாலும் அவர் அயலிலுள்ள ஏழைக் குடும்பத்து இளைஞராகவே இருப்பார். சிக்காகோ நகரத்துச் சிக் எவன்ஸ் சிறுவயதில் இவ்வாறு கோற்பை சுமந்தவர். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் திறந்த போட்டியையும் தொழில்முறை சாரா வீரருக்கான போட்டியையும் ஒருங்கே வென்றார். ஆட்டத்தால் வந்த பணத்தைத் தாம் எடுத்துக்கொண்டால் தொழில்முறை சாரா வீரர் என்னும் தகுதியை இழக்க நேரும். ஆகவே, தாயின் யோசனைப்படி, கோற்பை சுமக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்வதற்கான நிதியமாக அதனை மாற்றினார். 1930ஆம் ஆண்டில் இருவர் அந்நிதியத்தால் நோத்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தனர். இன்றுவரை 10,000க்கும் மேற்பட்டோர் அதனாற் பட்டம் பெற்றுள்ளனர். திடலில் உழைத்தவரின் பிள்ளைக்கே திடலின் பொருள் சென்ற நிகழ்ச்சி இது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று தென்னாபிரிக்காவில் நடந்தது. 1860ஆம் ஆண்டு முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராக இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அந்தச் சமுதாயத்திலே தோன்றிய பப்வா செவ்கோலம், டேர்பன் நகரில் கோற்பை சுமந்து, எவரும் கற்பிக்காமல் தாமே ஆடப் பழகியவர். கைகளை மாற்றிப் பிடித்து ஆடும் அவருடைய முறையைக் கண்டு வல்லுநர் வியந்தனர். 1959ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் திறந்த போட்டியை அவர் வென்றார். 1963ஆம் ஆண்டில் தம் சொந்த ஊரான டேர்பனிலேயே நேட்டால் திறந்த போட்டியையும் வென்றார். ஆனால் கழகத்தின் மாளிகைக்குள் வெள்ளையர் மாத்திரமே நுழையலாம் என்பது நிறவெறி ஆட்சியின் கட்டளை. வெள்ளையர் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவி அவ்வாட்சிக்குத் தலைகுனிவை உண்டாக்கியது. பரிசைக் கொடுத்துவிட்டு வாயிலை அடைப்பதும் ஒருவகைக் கொடைதான். ஆனால் அது பெறுபவரைச் சிறுமைப்படுத்தும் கொடை.

அறநிதி நாளில் நடைபெறுவதை இப்போது சற்று அணுகிப் பார்த்தல் தகும். வீரர் நால்வர் நால்வராகப் பிரிந்து, நுழைவுக் கட்டணம் செலுத்துவர். 18 குழிகளுக்கும் வெவ்வேறு நிறுவனங்கள் அனுசரணை வழங்கி, அருகே தம் பெயர்ப் பலகையை நிறுத்தும். எல்லாக் குழிகளிலும் ஒரே வேளையில் ஆட்டம் தொடங்கி, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிவுறும். மாலையில் பரிசளிப்பும், நன்கொடைப் பொருள்களின் ஏலமும் நிகழும். இந்நாட்களில் பெரும்பாலும் கையாளப்படும் புள்ளிமுறையை வகுத்தவர் பிராங்க் ஸ்டேபிள்போர்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர். 1932ஆம் ஆண்டில் லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள வொலசித் திடலில் அதனை நடைமுறைப்படுத்தினார். பழைய முறையில், அடித்த அடிகள் யாவும் கூட்டப்படும். ஒரு குழியிற் சறுக்கியவன் நாள் முழுவதும் அதன் சுமையை இழுத்துச் செல்வான். ஸ்டேபிள்போர்ட் முறையிலோ ஒவ்வொரு குழிக்கும் தனித்தனிப் புள்ளி. ஒரு குழியில் ஒன்றும் பெறாதவன் அடுத்த குழியில் புதிதாகத் தொடங்கலாம். இதற்கும் மேலாக, வலியவனும் எளியவனும் ஒரே களத்தில் நின்று போட்டியிடும் வண்ணம் எளியவனுக்குச் சில அடிகளைச் சலுகையாக வழங்கும் ஹண்டிகப் கணக்கும் இவ்வாட்டத்தில் உண்டு. அச்சலுகையை எவரும் பிச்சை என்று கருதுவதில்லை. அது ஆட்டத்தின் விதி. எழுதி வைக்கப்பட்ட கணக்கு. வலியவனும் அதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கின்றான்.

நிவித்திகலத் தோட்டப்புறத்துப் பிள்ளைகளின் நிலையை இந்த விதியின் ஒளியிலே நோக்குதல் பயன்தரும். சபரகமுவத் தமிழர் குன்றுக்கு ஒரு லயன் வரிசையாகச் சிதறி வாழ்பவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, எத்தனையோ குடும்பங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியைக் கப்பலேற்றியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமைக்கு வழிசெய்தது. 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் நேர்ந்தபோது மலைச்சரிவில் வாழ்வோரின் துயரை நாடே கண்டது. தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இம்மாகாணத்தில் மிகச் சிலவே. திறமை மிக்க மாணவி ஒருத்தி விஞ்ஞானம் கற்க விரும்பினால், விடியுமுன் லயனை விட்டுப் புறப்பட வேண்டும். அல்லது ஊரை விட்டு வேறெங்காவது தங்க வேண்டும். ஓட்டம் தொடங்கு முன்னரே அவள் பல அடிகள் பின்னே நிறுத்தப்பட்டிருக்கின்றாள்.

கொழும்புச் சோலைத் திடலில் ஒரு நாள் திரளும் பொருள், இத்தகைய மாணவர் சிலருக்கு விடுதிச் செலவும் பயணச் செலவும் ஆகலாம்; ஓர் ஆய்வுகூடத்துக்கு உபகரணமாகலாம். அவ்வளவில் அது நன்மையே. நன்மை நிலைத்து நிற்க வேண்டுமாயின், வரலாறு காட்டும் மூன்று வழிகளைப் பின்பற்றுதல் வேண்டும். பொருள் எவரைச் சேர்ந்தது என்னும் கணக்கு, பெறுவோரும் காணுமாறு வெளியிடப்பட வேண்டும். சூரிய மல் இயக்கம் எழுப்பிய வினா இதுவே. ஓர் ஆண்டு கொடுத்து மறு ஆண்டு மறக்காமல், ஒரு பிள்ளையின் கல்வி முடியும்வரை உதவி தொடர வேண்டும். சிக் எவன்ஸின் நிதியம் காட்டிய வழி அது. உதவி பெறுவோர் காசோலையின் அருகே ஒரு கணம் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்படலாகாது. விருந்தினராக உள்ளே அழைக்கப்பட வேண்டும். டேர்பன் மழை அதனை என்றும் நினைவூட்டும்.

இவை மூன்றும் நிறைவேறினாலும், அரசு செய்ய வேண்டியதை ஒரு விளையாட்டுக் கழகம் செய்துவிட முடியாது. விஞ்ஞான ஆசிரியரை நியமிப்பதும், பாதை அமைப்பதும், சரிவிலுள்ள லயன்களுக்கு மாற்றாகக் காணியும் வீடும் வழங்குவதும் எவருடைய கருணையையும் எதிர்பார்த்து நிற்கக்கூடாத கடமைகள். களனிப் பள்ளத்தாக்கின் வண்டி ஒவ்வொரு நாளும் அப்புல்வெளியைக் கடக்கின்றது. ஆடுவோர் நின்று அதற்கு வழிவிடுகின்றனர். அந்தத் திடலில் எளியவனுக்கு உரிய அடிகளைக் கணக்கிட்டுக் கொடுக்கும் விதி ஒன்று நூறாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றது. திடலின் வேலிக்குள்ளே நியாயமாகத் தோன்றும் அவ்விதியை வேலிக்கு வெளியேயும் நாட்டின் விதியாக எழுதும் பொறுப்பு, ஆடுவோர்க்கும் ஆள்வோர்க்கும் பொதுவானது.